லிங்க் முதல் ஃபெர்மி வரைக்கும்: எது வரையறை, எது அளந்த கணக்குன்னு சேர்த்துப் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை மாணவர் பக்கத்துல நீள அளவுகளுக்கு ஒரு அட்டவணை போட்டிருந்தீங்க, மேல ஃபர்லாங், சங்கிலி, லிங்க், அடின்னு ஆரம்பிச்சு கீழ அணுவை அளக்கற ஆங்ஸ்ட்ராம், அணுக்கருவை அளக்கற ஃபெர்மி வரைக்கும் போயிருந்துது. நில அளவைல இருந்து அணுக்கரு வரைக்கும் ஒரே பக்கத்துல பசங்க கண்ணுல படற மாதிரி போட்டதுக்கு முதல்ல மனசார பாராட்டிடறேன். நான் பி.எஸ்சி இயற்பியல் படிச்சவன், பொழப்புக்கு தனியார் சர்வேயர், அதனால அந்த அட்டவணையோட ரெண்டு முனையும் எனக்கு வேணும்னு நினைக்கறவன். அந்த உரிமைல ஒண்ணு சொல்லணும். அந்த எண்கள்ல சிலது வரையறைப்படி அப்படியே கறாரா சரியானது, சிலது யாரோ கருவி வச்சு அளந்து கண்டுபிடிச்சது, சிலது அச்சுல இடம் இல்லன்னு சுருக்கினது. மூணையும் ஒரே எழுத்துல ஒரே சமக்குறி போட்டு அச்சடிச்சா படிக்கறவனுக்கு எது எப்படின்னு தெரியவே தெரியாது. அதுல என்ன குடி முழுகிப் போயிடும்னு கேட்டீங்கன்னா, எங்க ஊர்ப்பக்கம் முழுகுது, அதைப் பின்னாடி சொல்றேன்.

லிங்க் வரிலேருந்தே ஆரம்பிக்கறேன். 1 லிங்க் = 0.2 மீட்டர்னு போட்டிருக்கீங்க. லிங்க்னா நிலம் அளக்கற சங்கிலில நூத்துல ஒரு பங்கு. நாட்டுல ரெண்டு லிங்க் இருக்கு சார். பழசு, எட்மண்ட் கன்ட்டர்னு இங்கிலாந்துல ஒரு பாதிரியார், கணக்குல பெரிய ஆளு, 1620 வாக்குல கொண்டுவந்த சங்கிலியோடது. மொத்தம் 66 அடி, அதை 100 லிங்கா பிரிச்சாரு, ஒரு லிங்க் 7.92 இஞ்ச். 66-ங்கற எண்ணைப் பாத்தா ஏதோ கண்ணை மூடிக்கிட்டு எடுத்த மாதிரி இருக்கும், ஆனா 10 சதுர சங்கிலி சேர்ந்தா சரியா ஒரு ஏக்கர், 10 சங்கிலி ஒரு ஃபர்லாங், 80 சங்கிலி ஒரு மைல். அதாவது பத்து பத்தா எண்ணத் தெரிஞ்சவன் புள்ளியை மட்டும் நகர்த்தி ஏக்கர் கணக்கு போட்டுடலாம். நம்ம சென்ட்டும் இதுக்குள்ள அழகா உக்காருது, 1 ஏக்கர் 1,00,000 சதுர லிங்க், 1 சென்ட் 1,000 சதுர லிங்க். 435.6 சதுர அடின்னு சென்ட்டுக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் பண்றோமே, அந்த கோணல் எண் இங்கேருந்துதான் வருது. இந்த லிங்க் 0.201168 மீட்டர், இதுல ஒரு துளி கூட ஏறக்குறைய இல்ல, இன்னிக்கு இருக்கற அடியோட வரையறைலேருந்து பெருக்கி வர்ற எண்.

ரெண்டாவது, மெட்ரிக் சங்கிலியோட லிங்க். 20 மீட்டர் சங்கிலி, 100 லிங்க், ஒவ்வொண்ணும் 20 சென்ட்டிமீட்டர். நீங்க போட்டது இது. தப்பில்ல, ஆனா அட்டவணைல அதுக்கு மேல் வரில 1 சங்கிலி = 66 அடின்னு இருக்கு, அதுக்குக் கீழயே லிங்க் 0.2 மீட்டர்னு இருக்கு, ரெண்டும் ஒரே குடும்பம் இல்லையே. வித்தியாசம் ஒரு லிங்குக்கு 1.168 மில்லிமீட்டர்தான், நகத்து கனம். ஆனா பழைய எஃப்எம்பி புலப்படத்துல, அதாவது ஒவ்வொரு நிலத்தோட ஓரத்தையும் அளந்து வரைஞ்ச சர்வே படத்துல, 1,000 லிங்க்னு எழுதியிருக்கற ஒரு ஓரத்தை 200 மீட்டர்னு எடுத்துக்கிட்டு போய் டேப் பிடிச்சா கல்லு கெடைக்க வேண்டிய இடத்துக்கு ஒரு மீட்டருக்கும் மேல முன்னாடியே நின்னுடுவீங்க. பரப்புல ஒரு ஏக்கருக்கு 46.86 சதுர மீட்டர் காணாமப் போகும், அதாவது 504 சதுர அடி, ஒரு சென்ட்டுக்கு மேல. இன்னிக்கு விக்கிற விலைல ஒரு சென்ட்டுங்கறது சின்ன விஷயமா சொல்லுங்க.

அடுத்தது ஃபெர்மி வரி. அங்க 1 சங்கிலி = 20.1168 குவாட்ரில்லியன் ஃபெர்மின்னு போட்டிருந்தீங்க. கணக்கு சரிதான், ஆனா குவாட்ரில்லியன் எதுக்கு? பில்லியன்ங்கற வார்த்தையே பழைய பிரிட்டிஷ் வழக்குல ஒரு எண்ணையும் அமெரிக்க வழக்குல வேற எண்ணையும் குறிச்சது, குவாட்ரில்லியன் வரைக்கும் போனா அந்த ரெண்டு வழக்குக்கும் நடுவுல ஒம்பது சைபர் வித்தியாசம் வரும். நம்மகிட்ட இதுக்கு ரொம்ப வசதியான எண்ணு முறை இருக்கு. 1 மீட்டர்னா ஒண்ணுக்குப் பின்னாடி 15 சைபர் போட்ட அத்தனை ஃபெர்மி, அதை நம்ம கணக்குல சொன்னா 10 கோடி கோடி. அவ்வளவுதான். அப்ப 1 அடி 3.048 கோடி கோடி ஃபெர்மி, 1 கன்ட்டர் லிங்க் 2.01168 கோடி கோடி ஃபெர்மி, 1 சங்கிலி 201.168 கோடி கோடி. ஆங்ஸ்ட்ராம்னா 1 லட்சம் ஃபெர்மி, அணுவோட சைஸ் ஒண்ணு ரெண்டு ஆங்ஸ்ட்ராம், அணுக்கரு சில ஃபெர்மி, அதனால அணுவை விட அதோட கரு பல்லாயிரம் மடங்கு சின்னதுன்னு அஞ்சாங்கிளாஸ் பையன் கூட சொல்லிடுவான். கோடி கோடின்னு எழுதினா எங்க தாத்தா பாட்டிக்கும் புரியும், பையனுக்கும் புரியும்.

இந்த ஃபெர்மிங்கற பேரு என்ரிக்கோ ஃபெர்மிங்கற இயற்பியல் விஞ்ஞானி இறந்த பிறகு அவரு நினைவா வச்சது. அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டுல ராபர்ட் ஹாஃப்ஸ்டாட்டர்னு ஒருத்தர் எலக்ட்ரான்களை வேகமா விட்டு அணுக்கரு மேல மோத வச்சு அது சிதறுற கோணத்தை வச்சே கருவோட சைஸை அளந்தாரு, 1961-ல நோபல் பரிசும் வாங்கினாரு, அவரு 1956-ல எழுதின கட்டுரைலதான் இந்த அளவுக்கு ஃபெர்மின்னு பேரு முன்வச்சாரு. அப்புறம் 1964-ல ஃபெம்டோங்கற முன்னொட்டை உலக அளவைக் கூட்டத்துல ஏத்துக்கிட்டதால அது ஃபெம்டோமீட்டர் ஆச்சு, சுருக்கெழுத்து ரெண்டுக்கும் ஒண்ணே. மீட்டரைப் பத்தியும் ஒரு வரி போட்டிருக்கலாம், 1983-லேருந்து மீட்டர்ங்கறது ஒளி 1 வினாடில 29,97,92,458-ல ஒரு பங்கு நேரத்துல போற தூரம். லிங்கும் ஃபெர்மியும் ரெண்டும் அந்த மீட்டர்ல கட்டின கயிறு, அதனாலதான் ஒண்ணுலேருந்து இன்னொண்ணுக்கு மாத்தும்போது பிழையே வராது.

ஆனா மாத்தற எண்ணுதான் கறார். மாத்தப்படற அளவு அப்படி இல்ல. பசங்களுக்கு நான் சொல்ல நினைக்கறது இதைத்தான்.

முதல்ல அடி. அடின்னா ஒரே அடின்னு நினைச்சிடக் கூடாது. 1893-ல அமெரிக்காவுல 1 மீட்டர் = 39.37 இஞ்ச்னு முடிவு பண்ணாங்க, அதன்படி ஒரு அடி 1200-ஐ 3937-ஆல வகுத்தா வர்ற மீட்டர். 1959-ல பல நாடுங்க சேர்ந்து 1 அடி = 0.3048 மீட்டர்னு முடிச்சுக்கிட்டாங்க, ஆனா அமெரிக்க சர்வேயர்ங்க ஏற்கெனவே ஊர் ஊரா அளந்து வச்ச கோஆர்டினேட், அதாவது ஒரு புள்ளி எங்க இருக்குன்னு சொல்ற எண், எல்லாம் மாறிடுமேன்னு பழைய அடியையே சர்வே அடின்னு பேர் வச்சு வச்சுக்கிட்டாங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் ஒரு அடிக்கு 61 கோடி ஃபெர்மி. கேக்க பயங்கரமா இருக்கும், ஆனா அது ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு கூட இல்ல, வீட்டு மனைக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா அங்க மாநில கோஆர்டினேட் முறைல ஒரு புள்ளியோட எண்ணே 20 லட்சம் அடின்னு வரும், அதுல எந்த அடின்னு சொல்லாம விட்டா புள்ளி 4 அடி தள்ளிப் போயிடும், பாலத்தோட ஒரு தூணை ஒரு அடிலயும் இன்னொரு தூணை இன்னொரு அடிலயும் வரைஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க. இந்தக் குழப்பம் வேண்டாம்னுதான் 2022 முடிவோட அந்த சர்வே அடியை அதிகாரபூர்வமா விட்டுட்டாங்க. நம்ம நாட்டு சர்வேலயும் இந்திய அடின்னு தனியா ஒண்ணு உண்டு, 0.3047995 மீட்டர், சர்வதேச அடியை விட 50 கோடி ஃபெர்மி கம்மி. தெருல ஒண்ணும் தெரியாது, நாட்டோட தெக்கு முனைலேருந்து வடக்கு முனை வரைக்கும் அளந்தா 5 மீட்டர் சொச்சம் வரும். பழைய டோப்போ ஷீட்டை, அதாவது சர்வே துறையோட நிலவரைபடத்தை வச்சு வேலை பாக்கற பசங்க இதைத் தெரிஞ்சு வச்சுக்கணும்.

அடுத்து கருவி. 1802-ல வில்லியம் லாம்ப்டன்ங்கற பிரிட்டிஷ் சர்வே அதிகாரி நம்ம பரங்கிமலை பக்கம்தான் ஒரு அடிக்கோட்டை, அதாவது மத்த தூரத்தை எல்லாம் கணக்கு போட ஆதாரமா வச்சுக்கற கோட்டை அளந்தாரு, ஏழரை மைல், 57 நாள். கைல இருந்தது 100 அடி எஃகு சங்கிலி, ரெண்டரை அடில 40 லிங்க். அதை மண்ணுல அப்படியே போட்டு இழுக்கல, மரப்பெட்டிங்களை முக்காலி மேல நிறுத்தி அதுக்குள்ள சங்கிலியைப் படுக்க வச்சு, பக்கத்துல தெர்மாமீட்டர் வச்சு ஒவ்வொரு தடவையும் சூடு என்னன்னு குறிச்சாரு. ஏன்னா அந்த நீள சங்கிலி 10 டிகிரி சூடு ஏறினா மூணரை மில்லிமீட்டர் நீளும், அதாவது மூணரை லட்சம் கோடி ஃபெர்மி. ஏப்ரல் மாச மெட்ராஸ் வெயில்ல காலைலயும் மத்தியானமும் அளந்தா ரெண்டு வேற வேற பூமி கெடைக்கும். அந்த மனுஷன் சூடு குறிச்சு வச்சது மாதிரி இன்னிக்கு எத்தனை பேர் டேப் பிடிக்கும்போது நினைக்கறோம்? டோட்டல் ஸ்டேஷன் வந்தாச்சு, அது ஒளியை விட்டு அளக்குது, அதுக்கும் 2 மில்லிமீட்டர் அப்படி இப்படின்னு கம்பெனியே எழுதிக் குடுக்கறான், கூடவே காத்தோட சூடும் அழுத்தமும் குடுக்கச் சொல்றான். 2 மில்லிமீட்டர்னா 2 லட்சம் கோடி ஃபெர்மி. அப்ப ஒரு நிலத்தோட 63.61 மீட்டர் ஓரத்தை ஃபெர்மில மாத்தி 636.1 கோடி கோடின்னு எழுதலாம், தாராளமா எழுதலாம், ஆனா அந்த 6361-க்குப் பின்னாடி வர்ற சைபர் எல்லாம் அளந்த சைபர் இல்ல, இடத்தை நிரப்பற சைபர்.

சரி, சின்னதை அளக்கறவங்க நம்மளை விட கறாரா அளப்பாங்கன்னு பசங்க நினைப்பாங்க. அங்கதான் இந்த விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. புரோட்டானோட ஆரம் 0.8768 ஃபெர்மின்னு அதிகாரபூர்வ பட்டியல்ல இருந்துது. 2010-ல சுவிட்சர்லாந்துல பால் ஷெரர் இன்ஸ்டிட்யூட்ல ஒரு குழு வேற வழில அளந்தாங்க, எலக்ட்ரானுக்குப் பதிலா மியூவான்னு ஒரு துகளைப் புரோட்டானைச் சுத்த விட்டாங்க, அது எலக்ட்ரானை விட 207 மடங்கு கனம், அதனால புரோட்டானை ரொம்ப நெருங்கி சுத்தும், புரோட்டானோட சைஸ் அதோட ஆற்றல் நிலைல நல்லாவே தெரியும். வந்த விடை 0.84184 ஃபெர்மி. 4 சதவீதம் வித்தியாசம். உலகத்துல இருக்கற பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் வருஷக்கணக்கா மண்டையைப் பிச்சுக்கிட்டாங்க, புது இயற்பியலான்னு கூட பேசினாங்க, அப்புறம் சாதாரண எலக்ட்ரானை வச்சு 2019-ல வந்த அளவுங்களும் சின்ன பக்கமே வந்ததால இப்ப அதிகாரபூர்வ பட்டியல்ல 0.84-க்கு வந்து நிக்குது. 4 சதவீதம்னா என்னன்னு நம்ம தொழில்ல சொல்றேன், 100 மீட்டருக்கு 4 மீட்டர். நான் அப்படி ஒரு எல்லை காட்டினா ஊர்ல விடுவாங்களா? நாங்க சாதாரண டேப்பிலயே 100 மீட்டருக்கு சில சென்ட்டிமீட்டர்குள்ள வரணும்னு பாக்கறோம். இதை யாரையும் மட்டம் தட்டச் சொல்லல, அளக்கற பொருள் எப்படிப்பட்டதோ அந்த அளவுக்குத்தான் எண்ணுல இலக்கம் வரும்னு காட்டறதுக்குச் சொல்றேன்.

அதுலயும் அணுக்கருவுக்கு ஓரம்னு கோடு போட்ட மாதிரி ஒண்ணு இல்ல. யுரேனியம் கருவோட ஆரம் 7 ஃபெர்மி சொச்சம்னு சொல்றோம், ஆனா நடுவுல இருக்கற அடர்த்தி வெளிய வர வர கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சு ரெண்டு ஃபெர்மிக்கு மேல அகலத்துல தேஞ்சு போகுது. வயலோட வரப்பு மாதிரிதான் அது, வரப்புக்கு ஒண்ணரை அடி அகலம் இருக்கு, அதுல இந்தப் பக்கத்து விளிம்பா அந்தப் பக்கத்து விளிம்பா நடுவா, எதை எல்லைன்னு எடுத்துக்கிட்டோம்னு சொல்லாம நீளத்தை மட்டும் சொன்னா அது முழு அளவு ஆகாது. ஹாஃப்ஸ்டாட்டரும் கருவோட ஆரத்தை மட்டும் சொல்லி விட்டுடல, அந்தத் தேயற தோலோட தடிமனையும் சேர்த்து அளந்து சொன்னாரு. உங்க அட்டவணைல யுரேனியம் கரு 7.4 ஃபெர்மின்னு போட்ட இடத்துல இதுக்கு ஒரு குறிப்பு வேணும்.

பரப்புக்கு போட்டிருந்த கடைசி வரி, 1 சென்ட் = இத்தனை பார்ன். பார்ன்ங்கறது அணுக்கரு ஆளுங்க வச்சிருக்கற பரப்பளவு, இரண்டாம் உலகப்போர் நேரத்துல 1942-ல அமெரிக்காவுல பர்டியூ பல்கலைக்கழகத்துல பேர் வச்சது, 100 சதுர ஃபெர்மி ஒரு பார்ன். கணக்கு எளிது, 1 சென்ட் 40.47 சதுர மீட்டர், அதை மாத்தினா 4.047-க்குப் பின்னாடி புள்ளியை 29 இடம் தள்ளணும். ஆனா இந்த மாத்தலுக்கு அர்த்தம் எவ்வளவுங்கறதையும் சொல்லணும், ஏன்னா பார்ன்ல சொல்ற குறுக்குப் பரப்பு கருவோட நிஜ சைஸ் இல்ல, நியூட்ரான் ஒண்ணு வந்தா அதுல மாட்டற வாய்ப்பைத்தான் பரப்பா சொல்றாங்க. யுரேனியம் கருவோட உருவத்தை மட்டும் பாத்தா சுமார் 1.7 பார்ன். ஆனா மெதுவா வர்ற நியூட்ரான் யுரேனியம்-235-ஐப் பிளக்கற குறுக்குப் பரப்பு 585 பார்ன் அளவுல இருக்கு, ரியாக்டர்ல யுரேனியம் பிளக்கறதால உண்டாகற செனான்-135 நியூட்ரானை விழுங்கற பரப்பு 26 லட்சம் பார்ன் பக்கம். செனான் கரு யுரேனியத்தை விட சின்னது! ரியாக்டரை நிறுத்திட்டு உடனே திரும்ப ஓட்ட முடியாம செனான் மறிக்கறது இதனாலதான். அதனால சென்ட்டையும் பார்னையும் பக்கத்துல பக்கத்துல போட்டா பையன் ரெண்டுமே நிலம் மாதிரி விரிச்சுக் காட்டக்கூடிய பரப்புன்னு நினைச்சுப்பான்.

இப்ப குடி முழுகற விஷயம். எங்க பக்கம் ஒரு குடும்பம், அண்ணன் தம்பி, அப்பா கிரயப்பத்திரத்துல 1 ஏக்கர்னு இருக்கு. எண்பதுகள்ல யூடிஆர்னு நிலப் பதிவேட்டை எல்லாம் புதுப்பிச்ச வேலை நடந்து பட்டா மெட்ரிக்குக்கு மாறினப்ப அது 0.40.50-ன்னு ஏறியிருக்கு, அதாவது 40.50 ஏர், 4,050 சதுர மீட்டர். 1 ஏக்கர் சரியா 4,046.86 சதுர மீட்டர், அதை அரை ஏர் கணக்குல முழுசாக்கினா 40.50 வரும், பல பட்டாவுல இப்படித்தான் இருக்கு, யாரும் யாரையும் ஏமாத்தல. தம்பி ஃபோன்ல ஆப்ல போட்டுப் பாத்திருக்காரு, 100.0776795 சென்ட்னு காட்டுது. ஏழு தசம இடம்! அண்ணன் பாதி பாதின்னு சொல்லி 50 சென்ட் மட்டும் எழுதிக் குடுத்திட்டாரு, மிச்சத்தை அமுக்கிட்டாருன்னு சண்டை, தாய்மாமன் வந்து பேசியும் அடங்கல. நான் போய் பேப்பர்ல போட்டுக் காட்டினேன். மிச்சம்னு சொல்றது 3.14 சதுர மீட்டர், 34 சதுர அடி. சதுரமா இருக்கற ஒரு ஏக்கருக்கு ஒரு ஓரம் 63.6 மீட்டர், அந்த ஓரம் முழுக்க நீட்டிப் பரப்பினா 5 சென்ட்டிமீட்டர் அகலம், ரெண்டு இஞ்ச். வரப்பே ஒண்ணரை அடி. அந்த எண்ணுல கடைசி தசம இடத்துல ஒண்ணு ஏறி இறங்கினா அது 4 சதுர மில்லிமீட்டர், ஒரு நெல்லை வச்சா மறைஞ்சுடும். இந்த ரெண்டு இஞ்ச் நிலம் எந்தக் காலத்துலயும் பூமில இல்ல, முழுசாக்கின எண்ணை வகுத்ததுல பொறந்துது. ஆப் போட்டவனுக்கு 40.50-ங்கறது முழுசாக்கினதுன்னு தெரியாது, அவன்கிட்ட இருக்கற 1 ஏக்கர் = 40.468564224 ஏர்ங்கறது மட்டும் கறார், அந்தக் கறாரை எடுத்துக்கிட்டு போய் முழுசாக்கின எண்ணு மேல போட்டு ஒம்பது பத்து இலக்கம் காட்டறான். அண்ணன் தம்பி பேசறதில்ல இப்பவும்.

அதனால ஆசிரியர் அவர்களை நான் கேட்டுக்கறது, அந்த அட்டவணையைத் திரும்ப ஒரு தடவை போடுங்க. 1 அடி = 0.3048 மீட்டர், கன்ட்டர் லிங்க் = 0.201168 மீட்டர், 1 மீட்டர் = 10 கோடி கோடி ஃபெர்மி, இதுங்க பக்கத்துல வரையறைன்னு ஒரு வார்த்தை போடுங்க. புரோட்டான் ஆரம், யுரேனியம் ஆரம் மாதிரி வர்றதுக்குப் பக்கத்துல அளந்ததுன்னு போட்டு, எவ்வளவு அப்படி இப்படி இருக்கும்னும் போடுங்க, 0.841 ஃபெர்மி, மூணாவது தசமத்துல ஒண்ணு கூடக் குறைய இருக்கலாம்னு எழுதினா பையனுக்கு நல்லாவே புரியும். லிங்குக்கு ரெண்டு வரி வேணும், கன்ட்டர் ஒண்ணு, மெட்ரிக் ஒண்ணு, பழைய புலப்படத்துல எதுன்னு பாத்துட்டுத்தான் மாத்தணும்னு அடில ஒரு குறிப்பு. ஏர் வரில, பட்டாவுல இருக்கற எண் முழுசாக்கினதா இருக்கலாம், அதை சென்ட்டுக்கு மாத்தினா ஒரு தசம இடத்துக்கு மேல நம்ப வேண்டாம்னு ஒரு வாக்கியம், எங்க தஞ்சாவூர்ப் பக்கத்துல குழி, மா, வேலின்னு இன்னும் பேசறவங்க இருக்காங்க, 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி, அதையும் சேர்த்தா வீட்டுல பெரியவங்களும் பக்கத்தைப் பிரிப்பாங்க. பார்ன் வரியைத் தனியா கீழ இறக்கி, இது மாட்டற வாய்ப்போட அளவுன்னு எழுதிடுங்க. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு கல்லூரி இயற்பியல் வாத்தியார்கிட்டயும் சர்வே துறைல வேலை பாத்த ஒருத்தர்கிட்டயும் காட்டிடுங்க, ரெண்டு பேரும் சேர்ந்து பாக்கணும், தனித்தனியா பாத்தா தன் பக்கத்து வரியை மட்டும்தான் பாப்பாங்க.

இடம் பத்தலைன்னா கிரவுண்ட் வரியையும் ஃபர்லாங் வரியையும் எடுத்துடுங்க, லிங்கோட ரெண்டு வரியை மட்டும் எடுத்துடாதீங்க.

இப்படிக்கு,
ஒரு தனியார் சர்வேயர்,
தஞ்சாவூர் மாவட்டம்.